720 எபிசோட்ல எதைப் பாக்கலாம்? நருட்டோ ரசிகர்களின் ஃபேவரைட் எபிசோடுகளும் அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கும்

மக்களே, முதல்லயே சொல்லிடறேன்: இந்தக் கட்டுரை முழுக்க ஸ்பாய்லர். நருட்டோ இன்னும் பாக்காதவங்க, பாக்கப் போறவங்க, கடைசிப் பகுதிக்கு மட்டும் நேரா போயிடுங்க. அங்க ஒரு வாட்ச் பிளான் இருக்கு, கதை இல்ல. மத்தவங்க எல்லாம் வாங்க.

நம்ம காலேஜ்ல அனிமே பாக்கறவங்கன்னு பேர் வாங்கிட்டா ஒரு கேள்வி வந்துட்டே இருக்கும். "நருட்டோ பாக்கணும்னு ஆசை, ஆனா 720 எபிசோட் பாக்க யாருக்கு டைம் இருக்கு? பெஸ்ட் எபிசோட் ஒரு பத்து சொல்லுங்க, அது போதும்." நியாயமான கேள்விதான். 23 நிமிஷம் வீதம் 720 எபிசோட்னா 16,560 நிமிஷம். அதாவது 276 மணி நேரம். தூங்காம சாப்பிடாம பாத்தாலும் பதினோரு நாளைக்கு மேல ஆகும். இன்டர்னல், ரெக்கார்ட் நோட், லேப் எல்லாம் யார் பாப்பாங்க?

ஆனா அந்தப் பத்து எபிசோடை மட்டும் தனியா எடுத்துக் குடுத்தா அது வேலை செய்யுமா? ரசிகர்கள் எந்த எபிசோடைக் கொண்டாடறாங்க, ஏன் கொண்டாடறாங்கன்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தா பதில் தானா வந்துடும்.

அடிப்படைத் தகவல், சுருக்கமா

மசாஷி கிஷிமோட்டோ வரைஞ்ச மாங்கா 'நருட்டோ'. ஜப்பானின் வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் 1999-ல் ஆரம்பிச்சு 2014 நவம்பர்ல முடிஞ்சது. 700 அத்தியாயம், 72 தொகுதி. அனிமேவைத் தயாரிச்சது ஸ்டுடியோ பியரோ. முதல் தொடர் 2002 அக்டோபர்ல இருந்து 2007 பிப்ரவரி வரை 220 எபிசோட். அடுத்த வாரமே 'ஷிப்புடென்' ஆரம்பம். அது 2017 மார்ச் வரை 500 எபிசோட். பதினாலு வருஷத்துக்கு மேல, வாரா வாரம்.

நம்ம ஊர்ல இப்ப காலேஜ் படிக்கறவங்கள்ல நிறைய பேர் 2007-ல வந்த சுட்டி டிவி காலத்துப் பிள்ளைங்க. தமிழ் பேசற ஜாக்கி சானைப் பாத்து வளந்தவங்க. அதனால கார்ட்டூன் கேரக்டர் தமிழ்ல பேசினா நமக்கு விசித்திரமா இருக்காது. நருட்டோ தமிழ்ல வர ரொம்ப நாளாச்சு. 2022-லதான் சோனி யாய் சேனல் தமிழ் டப்பிங்கோட போட்டாங்க. அதுக்குள்ள பாதிப் பேர் சப்டைட்டில்ல பாத்து முடிச்சாச்சு. தாம்பரத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி ஜன்னலோரம் உக்காந்தா கிண்டி வர்றதுக்குள்ள ஒரு எபிசோட் முடியும். இந்தப் பக்கம் பல பேருக்கு நருட்டோ அப்படித்தான் ஓடியிருக்கு.

முதல்ல ஃபில்லர் பிரச்சனை

வாரா வாரம் மாங்கா ஒரு அத்தியாயம்தான் வரும், இருபது பக்கத்துக்குள்ள. அனிமே ஒரு எபிசோட்ல ஒண்ணு ரெண்டு அத்தியாயத்தை விழுங்கிடும். அப்ப என்ன ஆகும்? பின்னாடி வர்ற வண்டி வேகமா வந்து முன்னாடி போற வண்டியைப் பிடிச்சிடும். ஜிஎஸ்டி ரோட்டுல பெருங்களத்தூர் கிட்ட பாத்திருப்பீங்களே, அதே கதை. பிரேக் போட்டுத்தான் ஆகணும். அந்த பிரேக்தான் ஃபில்லர். மாங்காவுல இல்லாத கதையை ஸ்டுடியோவே எழுதி ஓட்டறது.

முதல் தொடர்ல 135-ஆம் எபிசோடுக்கு அப்புறம் 220 வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே ஃபில்லர்தான். ஷிப்புடென்லயும் திட்டுத் திட்டா நிறைய இருக்கு. அதனாலதான் எதை ஸ்கிப் பண்ணணும்ங்கிற பட்டியல் செமஸ்டருக்குச் செமஸ்டர் கை மாறிட்டே இருக்கு.

ஆனா எல்லா ஃபில்லரும் மொக்கையில்ல. முதல் தொடரின் 101-ஆம் எபிசோடை எடுத்துக்கோங்க. ககாஷி சார் எப்பவும் முகத்துல மாஸ்க் போட்டிருப்பார். அதுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாக்க மூணு பசங்களும் சேர்ந்து திட்டம் போடறாங்க. அவ்வளவுதான் கதை. யாரும் சாகல, உலகம் அழியல. ஆனா ரசிகர் யாரைக் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே இந்த எபிசோடைச் சொல்லுவாங்க. பின்னாடி அந்த மூணு பேரும் பிரியப் போறாங்கன்னு தெரிஞ்சு ரெண்டாவது தடவை பாத்தா, அந்தச் சிரிப்புலயே லேசா ஒரு வலி இருக்கும்.

எபிசோட் 19: வில்லனுக்காக அழறது

முதல் பெரிய கதை பாலம் கட்டற தசுனாவைக் காப்பாத்தறது. எதிரி சபுசா, கூடவே ஹாகுன்னு ஒரு பையன். பத்தொன்பதாவது எபிசோட்ல ஹாகு சபுசாவைக் காப்பாத்த குறுக்க வந்து செத்துப் போயிடறான். "அவன் எனக்கு ஒரு கருவி, அவ்வளவுதான்"ங்கற மாதிரி சபுசா நிக்கறான். நருட்டோ கத்தறான், ஹாகு உனக்காக என்னவெல்லாம் பண்ணினான்னு. அதுக்கப்புறம் சபுசா கண்ணுல தண்ணி. கை ரெண்டும் செயலிழந்த நிலையில வாயில கத்தியைக் கவ்விக்கிட்டு, கூலி குடுத்த காட்டோவைக் கொல்றான். கடைசியில ஹாகு பக்கத்துல படுக்க வைக்கச் சொல்றான். பனி பெய்யுது.

இதை நல்லாக் கவனிங்க. பத்தொன்பது வாரத்துல ஒரு பசங்க சீரியல் தன் பார்வையாளரை வில்லனுக்காக அழ வச்சிருச்சு. "இது சும்மா சண்டைக் கார்ட்டூன் இல்லபோல"ன்னு பல பேர் நிமிர்ந்து உக்காந்த இடம் இதுதான். பின்னாடி வர்ற பெரிய வில்லன்களுக்கும் இதே சூத்திரம்தான்: முதல்ல பயம், அப்புறம் காரணம், அப்புறம் இரக்கம்.

எபிசோட் 48: வெயிட்டைக் கழட்டற சீன்

எந்த ஹாஸ்டல்ல கேட்டாலும் முதல்ல வர்ற பேர் ராக் லீ. லீக்கு நிஞ்ஜுட்சு வராது, கென்ஜுட்சு வராது. நிஞ்ஜா படிப்புல மூணு பேப்பர்னா ரெண்டுல நிரந்தர அரியர். மிச்சம் இருக்கறது உடம்பு உழைப்பு மட்டும். எதிர்ல நிக்கறது காரா. அவனை யாராலும் தொடவே முடியாது, மணல் தானா வந்து தடுத்துடும்.

லீ சிலை மேல ஏறி நிக்கறான். கை சார் அனுமதி குடுக்கறார். காலுறைக்குள்ள இருந்து வெயிட்டைக் கழட்டிக் கீழ போடறான். தரை பிளந்து புழுதி கிளம்புது. அதுக்கப்புறம் அவன் எங்க இருக்கான்னே தெரியல. மணலால அவன் வேகத்துக்கு ஈடு குடுக்க முடியல.

நம்ம ஆளுங்களுக்கு இது ஏன் இவ்வளவு பிடிக்குது? குரோம்பேட்டை வெற்றி தியேட்டர்ல முதல் நாள் காலைக் காட்சி பாத்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. இது சுத்தமான மாஸ் சீன். ஆனா நம்ம மாஸ் சீனுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம். லீ ஜெயிக்கல. 50-ஆம் எபிசோட் வர்றதுக்குள்ள கையும் காலும் நொறுங்கிப் போகுது. நினைவே இல்லாம எழுந்து நிக்கறான், அவ்வளவுதான். அதுக்கப்புறம் இனி நிஞ்ஜாவா இருக்க முடியாதுன்னு டாக்டர் சொல்றாங்க. ஆபரேஷன் பண்ணலாம், பொழைக்க ஐம்பது சதவீதம்தான் வாய்ப்பு. உழைச்சா ஜெயிக்கலாம்னு எளிசா ஒரு போஸ்டர் ஒட்டிட்டுப் போகாம, உழைச்சும் தோத்தவனை அப்புறம் என்ன பண்றதுன்னு கதை பல எபிசோட் உக்காந்து யோசிக்குது. 48-ஐ ரீல்ஸ்ல பாத்தவங்க நிறைய. 50-ஐயும் பாத்தவங்கதான் லீயோட ரசிகர்கள்.

ரெண்டு 133

ஒரு வேடிக்கை: முதல் தொடரிலும் 133 ஃபேவரைட், ஷிப்புடென்லயும் 133 ஃபேவரைட்.

முதல் 133-ல நருட்டோவும் சாஸ்கேயும் அருவிக்கிட்ட அடிச்சுக்கறாங்க. ஊரை விட்டுப் போறேன்னு ஒருத்தன், போக விடமாட்டேன்னு இன்னொருத்தன். இயக்கினவர் அட்சுஷி வகபயாஷி, முக்கிய அனிமேட்டர் நோரியோ மட்சுமோட்டோ. இதுல கோடுங்க எல்லாம் சுத்தமா, அழகா இருக்காது. முடி கலைஞ்சு, சட்டை சுருங்கி, ஒவ்வொரு குத்துக்கும் உடம்பு மொத்தமா ஆடும். வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாம சண்டை போடற ஹீரோ மாதிரி இல்லாம, நிஜமா ரெண்டு பசங்க கிரவுண்டுல கட்டிப் புரண்டா எப்படி இருக்குமோ அப்படி.

ஷிப்புடென் 133 ஜிராயா சாகற எபிசோட். நருட்டோவோட குரு, எழுத்தாளர், ஊதாரி, ஜொள்ளு. தன்னோட பழைய மாணவனையே எதிர்த்துச் சண்டை போட்டு, உயிர் போற நேரத்துல எதிரியின் ரகசியத்தைச் சங்கேதமா எழுதி அனுப்பிட்டுத் தண்ணிக்குள்ள மூழ்கறார். தான் எழுதின முதல் நாவலோட கதாநாயகன் பேர்தான் நருட்டோ, அதுல இருந்துதான் இந்தப் பையனுக்குப் பேர் வந்ததுன்னு நினைச்சுப் பாக்கறார். தன் வாழ்க்கை முழுக்கத் தோல்வின்னு நினைச்சிட்டு இருந்தவர், ஒரு நல்ல முடிவை எழுதிட்டோம்னு கண்ணை மூடறார்.

இப்ப முக்கியமான விஷயம். இந்தச் செய்தி நருட்டோ காதுக்குப் போறது 152-ஆம் எபிசோட்ல. நடுவுல பதினெட்டு எபிசோட். டிவியில வாரா வாரம் பாத்தவங்களுக்குச் சில மாசம். அத்தனை நாள் நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. 152-ல சண்டையே கிடையாது. நருட்டோ ராத்திரி கடையில ஒரு ஐஸ் வாங்கறான். ரெண்டா உடைச்சுப் பங்கு போடற ஐஸ், ஜிராயாவும் அவனும் முன்னாடி பகிர்ந்து சாப்பிட்டது. பெஞ்ச்ல தனியா உக்காந்திருக்கான். ஐஸ் உருகிச் சொட்டுது. இருகா சார் வந்து பக்கத்துல நிக்கறார். அவ்வளவுதான்.

அந்த ஐஸை முன்னாடி ரெண்டு பேரும் பிட்டுச் சாப்பிட்டதை நீங்க பாக்கலைன்னா, 152-ல ஒரு பையன் ஐஸ் உருகறதைப் பாத்து அழறான், அவ்வளவுதான் தெரியும். பாத்திருந்தா உங்களால அந்த எபிசோடைச் சாதாரணமா தாண்ட முடியாது.

ஷிப்புடென் 82: அப்பா எழுந்து வெளிய போறது

ஷிகாமாரு, சோம்பேறி, ஆனா மூளைக்காரன். அவனோட சார் அசுமா செத்துப் போறார். ரெண்டு பேரும் எப்பவும் ஷோகி ஆடுவாங்க, அது ஜப்பான் சதுரங்கம். 82-ல அப்பா ஷிகாக்கு அதே பலகை முன்னாடி மகனோட உக்காந்து ஆடறார். ஆட்டத்தைப் பத்திப் பேசற மாதிரி பேசி உள்ள இருக்கறதைக் கிளறி விடறார். அப்புறம் எழுந்து வெளிய போயிடறார். மகன் தனியா அழறான்.

நம்ம வீட்டு அப்பாக்கள் நிறைய பேருக்குப் பையன் அழும்போது என்ன பண்றதுன்னு தெரியாது. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாங்க, இல்லைன்னா "சரி விடு"ன்னு சொல்லுவாங்க. அதனாலயோ என்னமோ இந்த எபிசோடைப் பத்திப் பேசும்போது பசங்க குரல் கொஞ்சம் மாறும். அழறதுக்கு இடம் விட்டு எழுந்து போறதும் ஒரு அன்புன்னு இதுல தெரியும்.

ஷிப்புடென் 167: "டிராயிங் ஏன் இப்படி கேவலமா இருக்கு?"

இப்பதான் நம்ம இன்ஜினியரிங் மூளைக்கு வேலை. பெயின் ஊரையே தரைமட்டமாக்கிட்டான். 166-ல ஹினாட்டா முதல் முறையா மனசைச் சொல்லி, குறுக்க வந்து அடி வாங்கி விழறா. நருட்டோ கட்டுப்பாடு இழக்கறான். 167 அந்தச் சண்டை. 2010-ல இது ஒளிபரப்பானப்போ ரசிகர்கள் ரெண்டாப் பிரிஞ்சாங்க. பெயின் முகம் ரப்பர் மாதிரி இழுபடுது, கண்ணு எங்கயோ போகுது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு இன்னைக்கு வரைக்கும் ஓட்டிட்டு இருக்காங்க.

என்ன நடந்ததுன்னு புரியணும்னா அனிமே எப்படி வரையறாங்கன்னு தெரியணும். திரையில ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஆனா 24 படம் வரைய மாட்டாங்க. ஒரே படத்தை ரெண்டு இல்ல மூணு ஃப்ரேமுக்கு வச்சுப்பாங்க. அப்ப செகண்டுக்கு 12 இல்ல 8 படம். பேசற சீன்ல முகம் அப்படியே நிக்கும், வாய் மட்டும் அசையும். இந்தச் சிக்கன வழி 1963-ல ஒசாமு தெசுகாவோட 'ஆஸ்ட்ரோ பாய்' காலத்துல இருந்தே ஜப்பான் டிவியில வழக்கமாச்சு.

வேலைப் பங்கீடு எப்படின்னா, முக்கியமான நிலைகளை மட்டும் கீ அனிமேட்டர் வரைவார். நடுவுல இருக்கற படங்களை இன்-பிட்வீனர்கள் நிரப்புவாங்க. ஒரு எபிசோட்ல பல கீ அனிமேட்டர்கள் இருப்பாங்க. ஆளுக்கு ஆள் முகம் மாறிடக் கூடாதுன்னு அனிமேஷன் டைரக்டர் ஒருத்தர் எல்லா முகத்தையும் திருத்தி ஒரே மாதிரி ஆக்குவார். நம்ம டீம் பிராஜெக்ட்ல ஆளுக்கு ஒரு சாப்டர் எழுதி, கடைசியில ஒருத்தர் உக்காந்து ஃபான்ட், மார்ஜின் எல்லாம் சரி பண்ணுவாரே, அதே வேலை.

167-ஐ இயக்கினதும் அதே வகபயாஷிதான், 133-ஐ இயக்கினவர். இதுல தனித்தனி அனிமேட்டரோட கைப்பாணி அப்படியே தெரியுது. வேகத்தைக் காட்ட உடம்பை இழுத்து வரையறது பழைய உத்தி. ஓடற பஸ்ஸை மொபைல்ல மெதுவான ஷட்டர்ல படம் எடுத்தா கோடு கோடா இழுபடும் இல்லையா? கேமரா தானா பண்ற அந்த வேலையை அனிமேட்டர் கையால பண்றார். அந்தப் படம் திரையில ஒரு செகண்டுல ஒரு சின்னத் துண்டுதான் நிக்கும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியறது வேகமும் வலியும். பாஸ் போட்டா தெரியறது கோணல் முகம். பாஸ் போட்டுப் பாக்கறதுக்காக அதை யாரும் வரையல.

அதுக்காக எல்லாருக்கும் பிடிச்சே ஆகணும்னு இல்ல. இவ்வளவு கனமான நேரத்துல ஸ்டைல் இப்படி மாறினா கதையில இருந்து வெளிய தள்ளிடுதுன்னு சொல்றவங்க வாதமும் நியாயம்தான். ஆனா "பட்ஜெட் இல்ல, சோம்பேறித்தனம்"னு சொல்றது தப்பு. அந்த எபிசோட்ல வேலை செஞ்சவங்கள்ல ஒருத்தர் ஷிங்கோ யமாஷிதா. பின்னாடி 'ஜுஜுட்சு கைசென்' முதல் ஓப்பனிங், 'செயின்சா மேன்' ஓப்பனிங் ரெண்டையும் இயக்கினது அவர்தான். இதைக் கிண்டல் பண்ற அதே பசங்க அதை ஸ்டேட்டஸ்ல வைக்கறாங்க.

இன்னொண்ணும் யோசிக்கணும். இன்-பிட்வீனர்களுக்கு ஜப்பான்ல பல இடத்துல படக் கணக்குலதான் கூலி. எத்தனை படம் வரைஞ்சாங்களோ அவ்வளவு காசு. வாரா வாரம் எபிசோட் போயே ஆகணும். எல்லா எபிசோடும் 133 மாதிரி ஏன் இல்லைன்னு கேக்கறதுக்கு முன்னாடி, அந்த ஒரு 133 எப்படி வந்ததுன்னு ஆச்சரியப்படலாம். மத்த வாரங்கள்ல முகம் அசையாம நின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. நல்ல ஆட்களையும் நேரத்தையும் சேத்து வச்சு ஒரு இடத்துல செலவு பண்றாங்க.

பெயினும் மணிமேகலையும்

பெயினுக்கு ஆறு உடம்பு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாதையின் பேர்: தேவ, அசுர, மனித, விலங்கு, பிரேத, நரக. இது கிஷிமோட்டோ சும்மா வச்ச பேர் இல்ல. பௌத்தத்துல உயிர்கள் மறுபடி மறுபடி பிறக்கற ஆறு நிலைகள் இவை. இந்த எண்ணம் இந்தியாவுல பிறந்து சீனா வழியா ஜப்பான் போச்சு.

நமக்கும் இது புதுசு இல்ல. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை பௌத்தக் காப்பியம். அதுலயும் உயிர்கள் ஆறு வகைன்னு வருது: மக்கள், தேவர், பிரமர், நரகர், விலங்கு, பேய். அசுரருக்குப் பதிலா பிரமர், மத்த அஞ்சும் அதேதான். ஸ்கூல்ல ஐம்பெருங்காப்பியம்னு மனப்பாடம் பண்ணி மறந்துட்டோம், அது ஆரஞ்சு முடியும் மூக்குல கம்பியுமா திரும்பி வந்து நின்னுச்சு. சக்ரா, கை முத்திரை, கடைசியில வர்ற இந்திரா, அசுரா அண்ணன் தம்பி எல்லாம் இதே வழியில போன சொற்கள். சப்டைட்டில்ல படிக்கும்போது நமக்கு மட்டும் விளக்கம் தேவைப்படாம புரியற இடங்கள்.

இந்தக் கதை முடியறது 175-ல. நருட்டோ பெயினைக் கொல்லல. பேசறான். இதை 'டாக் நோ ஜுட்சு'ன்னு ரசிகர்களே ஓட்டுவாங்க. ஓட்டட்டும். ஆனா குருவைக் கொன்னவன் எதிர்ல உக்காந்து, எனக்கும் உன்னைக் கொல்லணும்னுதான் இருக்குன்னு ஒத்துக்கிட்டு, அப்புறமும் கொல்லாம இருக்கறது ஒரு ராசெங்கனை விடக் கஷ்டம். அதுக்கப்புறம் ககாஷி முதுகுல ஏறி ஊருக்கு வர்றான். மொத்த ஊரும் நின்னு கூப்பிடுது. முதல் எபிசோட்ல ஊஞ்சல்ல தனியா உக்காந்திருந்த பையன். அந்த ஊஞ்சல் ஞாபகம் இருக்கறவங்களுக்குத்தான் இந்தக் கூட்டம்.

ஷிப்புடென் 249: "சாப்பிட்டியா?"

ஹாஸ்டல்ல இருக்கறவங்க இதைத் தனியா பாக்கறது நல்லது. நருட்டோ பிறந்த ராத்திரி. அம்மா குஷினாவுக்கும் அப்பா மினாட்டோவுக்கும் இன்னும் சில நிமிஷம்தான். குழந்தைகிட்ட கடைசியா என்ன சொல்லுவாங்க? குஷினா சொல்றது எல்லாம் இதுதான்: ஒழுங்கா சாப்பிடு, தினமும் குளி, ராத்திரி ரொம்ப நேரம் முழிக்காதே, நல்ல ஃப்ரெண்ட் கொஞ்சம் பேர் போதும், பெரியவங்க சொன்னா கேளு, காசு விஷயத்துல ஜாக்கிரதை, தண்ணி அடிக்காதே. சொல்லச் சொல்ல நேரம் போகுது, முடிக்க மனசு வரல. மினாட்டோ முறை வரும்போது, நச்சரிக்கற உங்க அம்மா சொன்னதுதான் நான் சொல்றதும்னு முடிச்சுக்கறார்.

ராத்திரி எட்டு மணிக்கு மெஸ் லைன்ல நிக்கும்போது வர்ற போன் கால் ஞாபகம் வருதா? அதே வசனம்தான். குஷினா அதைப் பதினாறு வருஷத்துக்குச் சேத்து ஒரே தடவையில சொல்லிட்டுப் போறா.

ஷிப்புடென் 339: நெத்தி

இட்டாச்சி சின்ன வயசுல தம்பி விளையாடக் கூப்பிட்டா ரெண்டு விரலால நெத்தியில தட்டி, அடுத்த தடவை பாக்கலாம்னு சொல்லி அனுப்புவான். தொடர் முழுக்க அந்தத் தட்டல் வருது. சாகும்போதும் 138-ல கடைசியாத் தட்டறான். 339-ல தட்டல. நெத்தியோட நெத்தி வைக்கறான். நீ என்னை மன்னிக்க வேணாம், எப்படி ஆனாலும் உன்னை நேசிப்பேன்னு சொல்லிட்டு மறையறான். கையைத் தட்டற தூரத்துல இருந்து தொடற தூரத்துக்கு வர அவனுக்கு அத்தனை வருஷம் ஆச்சு.

இந்த லிஸ்ட்ல பொதுவா என்ன இருக்கு?

இப்ப திரும்பிப் பாருங்க. ஐஸ், ஊஞ்சல், நெத்தித் தட்டல், சதுரங்கப் பலகை, ஒரு நாவல்ல இருந்து வந்த பேர். எல்லாமே முன்னாடி எங்கயோ சாதாரணமா போட்டு வச்ச சின்னப் பொருள்கள். பின்னாடி ஒரு நாள் வட்டியோட திரும்பி வருது. ஃபேவரைட் எபிசோடுன்னு நாம சொல்றது பெரும்பாலும் வட்டி வர்ற நாள். அசல் வேற எபிசோட்ல, யாரும் லிஸ்ட்ல போடாத மொக்கை எபிசோட்ல இருக்கு.

அதனாலதான் "பத்து எபிசோட் மட்டும்"ங்கற திட்டம் வேலைக்கு ஆகாது. பிஜிஎம் போட்ட நாற்பது செகண்ட் கிளிப்ல 152 உங்களுக்கு ஒரு சோகமான வீடியோ. அது தப்பில்ல, ஆனா அதைப் பாத்துட்டு "நருட்டோ இவ்வளவுதானா, ஓவர்ஹைப்"னு முடிவு பண்ணிட்டா நஷ்டம் உங்களுக்குத்தான். முதல் தடவை பாக்கற அந்த அடி ஒரு தடவைதான் கிடைக்கும். கிளிப் அதைச் செலவு பண்ணிடும், பதிலுக்கு ஒண்ணும் குடுக்காது.

சரி, டைம் இல்லாதவங்களுக்கு ஒரு பிளான்

276 மணி நேரம் வேணாம். இதை டிரை பண்ணுங்க.

முதல் தொடர்: 1 முதல் 135 வரை. அதுல 26, 97, 102 முதல் 106 வரை விட்டுடலாம். 101-ஐ விடாதீங்க. மொத்தம் 128 எபிசோட்.

ஷிப்புடென்: 1 முதல் 175 வரை. அதுல 57 முதல் 71, 91 முதல் 111, 144 முதல் 151 வரை விட்டுடலாம். மொத்தம் 131 எபிசோட்.

ஆக 259 எபிசோட். ஓப்பனிங், எண்டிங் பாட்டைத் தாண்டினா ஒண்ணுக்கு 20 நிமிஷம். மொத்தம் சுமார் 86 மணி நேரம். தாம்பரத்துல இருந்து பீச் வரைக்கும் தினமும் ட்ரெயின்ல போய் வர்றவங்களுக்கு ரெண்டு மணி நேரம் கையில இருக்கு. ஒரு நாளைக்கு ஆறு எபிசோட். கிட்டத்தட்ட 43 நாள். ஒரு செமஸ்டர்ல பாதி, அதுவும் படிக்கற நேரத்துல கை வைக்காம. 175-ல நிறுத்தினாலும் ஒரு முழுக் கதை முடிஞ்ச நிறைவு இருக்கும். அதுக்கு மேல 249, 339, கடைசிச் சண்டை நடக்கற 476, 477 வரைக்கும் போகணுமான்னு அப்ப நீங்களே முடிவு பண்ணிக்கலாம். அந்த நேரத்துக்கு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டியிருக்காது.

ரெண்டு சின்ன அட்வைஸ். 'ப்ளூ பேர்ட்' ஓப்பனிங் வந்தா மட்டும் ஸ்கிப் பட்டனைத் தொடாதீங்க. இன்னொண்ணு, ஷிப்புடென் 133, 152 ரெண்டையும் ட்ரெயின்ல பாக்காதீங்க. மீனம்பாக்கம் தாண்டும்போது பக்கத்து சீட் ஆன்ட்டி "என்னப்பா ஆச்சு, வீட்ல எல்லாரும் நல்லாதானே இருக்காங்க?"ன்னு கேட்டா, ஜிராயா யாருன்னு விளக்கிச் சொல்லக் கிண்டி வரைக்கும் நேரம் பத்தாது.